உலைக்கு வழி செய்துவிட்டுத் தொழில் கற்றுக்கொடுங்கள்
(மும்பைத் தமிழர் சங்க மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிழைப்புத் தேடி இந்த மும்பைக்கு வந்தவர்கள் நாம். வீட்டுக்காரர் சம்பளம் நின்றால் அடுத்த மாதமே வாடகை நிற்கிறது. பிள்ளையின் படிப்பு தடுமாறுகிறது. ஊரில் என்றால் உற்றார் உறவினர் உண்டு. இங்கே நமக்கு யார்?

இந்தத் துன்பம் புதிதல்ல. 1982 ஜனவரி 18 அன்று இந்நகரத்தின் பஞ்சாலைத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஓராண்டைத் தாண்டிய அப்போராட்டத்துக்குப் பின் பல்லாயிரம் பேருக்கு மீண்டும் வேலை கிடைக்கவில்லை. அந்த வீடுகளில் அடுப்பு அணையாமல் காத்தவர்கள் யார்? சோறு சமைத்து விற்ற பெண்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்கள்!

பெண்களுக்குத் திறமை இல்லையா? 1959-இல் கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட்டார்கள். அதுவே லிஜ்ஜத் என்று நாடெங்கும் வளர்ந்தது. ஆலைத் தொழிலாளருக்குச் சாப்பாடு போட்டுப் பிழைத்த பெண்களைத் திரட்டி, 1975-இல் பிரேமா புரவ் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கினார். வட்டிக்காரர் பிடியிலிருந்து விடுபட வங்கிக் கடனுக்கு வழி செய்தார்.

ஆகவே திறமை இருக்கிறது. கற்கும் நாட்களைக் கடக்க வழிதான் இல்லை. 1967-இல் தொழிலாளருக்கென இதே நகரில் தொடங்கிய சிரமிக் வித்யாபீடம், இன்று ஜன் சிக்ஷண் சன்ஸ்தான் என்ற பெயரில் நாடெங்கும் பள்ளி காணாதவர்க்கும் தொழில் கற்பிக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் வகுப்புக்குப் போகும் நாட்களில் உலையில் அரிசி போடுவது யார்? கைக்குழந்தையை யாரிடம் விடுவது?

2023-இல் வந்த பிரதமர் விசுவகர்மா திட்டத்தில் தையற்காரர் முதலிய 18 தொழிலினருக்குப் பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆனால் அது ஏற்கெனவே அத்தொழில் செய்பவர்களுக்கு. நேற்றுவரை அடுப்படியில் இருந்த நம் சகோதரிக்கு அதில் இடமில்லை. அவர்களுக்குக் கொடுக்க முடிகிறபோது இவருக்கு ஏன் முடியாது?

நாம் கேட்பவை நான்கு: பயிற்சி நாட்களுக்கு உதவித்தொகை, குழந்தைகளுக்குக் காப்பகம், விளங்கும் மொழியில் பாடம், முடித்தபின் தையல் இயந்திரம் வாங்கக் கடன்.

அரசு தரும்வரை கைகட்டி நிற்கவும் வேண்டாம். தையல் தெரிந்தவர்கள் தெருவுக்கு இருவருக்குக் கற்றுக்கொடுங்கள். மராத்தி எழுதத் தெரிந்த இளைஞர்கள் விண்ணப்பம் எழுதிக்கொடுங்கள். வருமானம் இழந்த வீடு உங்கள் சாலில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் சொல்லிவிட்டுப் போங்கள். நாளைக் காலை அந்த வீட்டுக்குப் போவோம்.