பத்து வீட்டுக்கு ஒரு புத்தக அலமாரி



"பிள்ளைகளுக்கு நல்ல புத்தகங்கள் வாங்கிக் கொடுங்கள் என்று ஆசிரியர்கள் சொல்லுகிறீர்களே, புத்தகத்தின் விலையைப் பார்த்தீர்களா?" பெற்றோர் பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. கேள்வி நியாயமானதுதான். ஆகவே இன்றைய பேச்சில் விலையைப் பற்றியே முதலில் பேசுவோம். பிறகு நல்ல புத்தகம் எது, அதை எங்கே தேடுவது, எப்படி நமக்கு எட்டும்படி செய்வது என்பவற்றைப் பார்ப்போம்.

நம் நாட்டில் 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. 26 நாள் வேலை என்று வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம் வரும். ஒரு தமிழ் நாவலின் விலை 30 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அரை நாள் கூலி. விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், மத்தியானம் வரை பால்மரத்திலோ செம்பனையிலோ பாடுபட்ட உழைப்பு அந்த ஒரு புத்தகத்துக்குள் போய்விடுகிறது. அரிசி, மீன், பள்ளிப் பேருந்து, மின்சாரம் என்று வரிசையாக நிற்கும் செலவுகளுக்கு முன்னால் புத்தகம் கடைசி இடத்துக்குத் தள்ளப்படுவதில் வியப்பில்லை.

ஏன் இவ்வளவு விலை? தமிழ்நாட்டிலிருந்து வரும் புத்தகத்தின் மேல் அச்சிட்டிருக்கும் ரூபாய் விலையை வெள்ளிக்கு மாற்றிப் பார்த்தால் குறைவாகத்தான் தெரியும். அதன்மேல் கப்பல் கூலியும், கடை வாடகையும், விற்காமல் தேங்கிக் கிடக்கும் புத்தகங்களின் நட்டமும் ஏறுகின்றன. நம் நாட்டு எழுத்தாளர்களின் நூல்களுக்கு வேறு காரணம். ஒரு நூலை ஐயாயிரம் பிரதி அச்சடித்தால் ஒரு பிரதியின் அடக்கச் செலவு குறையும். இங்கே வாங்குவோர் குறைவு. ஆகவே அச்சடிப்பதும் குறைவு. பல எழுத்தாளர்கள் தங்கள் கைப்பணத்தைப் போட்டுத்தான் அச்சிடுகிறார்கள். வாங்குவோர் குறைவதால் விலை ஏறுகிறது. விலை ஏறுவதால் வாங்குவோர் இன்னும் குறைகிறார்கள். செக்கு மாடு சுற்றிய கதைதான்.

தாய்மார்களே, தந்தைமார்களே, இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் புத்தகத்துக்குப் பணமே செலவாவதில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆண்டுத் தொடக்கத்தில் கணிதப் பயிற்சி, அறிவியல் பயிற்சி, மலாய்ப் பயிற்சி என்று பயிற்சிப் புத்தகங்கள் வாங்குகிறோம். அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் பயிற்சிப் புத்தகம் ஒரு பிள்ளை ஒரு முறை எழுதியதும் முடிந்துவிடும். தம்பி தங்கைக்கு உதவாது. கதைப் புத்தகமோ பத்துப் பிள்ளைகள் படித்த பிறகும் பதினோராவது பிள்ளைக்குக் காத்திருக்கும்.

பாடநூல்களின் நிலை என்ன? 1975ஆம் ஆண்டில் பாடநூல் இரவல் திட்டம் வந்தது. முதலில் வசதி குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் இருந்த இந்த உதவி, 2008ஆம் ஆண்டு முதல் அரசாங்கப் பள்ளி மாணவர் எல்லாருக்கும் கிடைத்தது. ஏழைப் பெற்றோரின் தோளிலிருந்து பெரிய சுமை இறங்கியது. ஆனால் இரவல் நூலைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஆண்டு முடிவில் புத்தகப் பை காலியாகும்போது, வேறு புத்தகம் இல்லாத வீட்டில் தமிழ் எழுத்தாக மிஞ்சுவது சுவரில் தொங்கும் நாள்காட்டி ஒன்றுதான். விடுமுறை வாரங்களில் அந்தப் பிள்ளை எதைப் படிக்கும்? ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போனால், பாடங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். வாரத்தில் சில பாட வேளைகள்தாம் தமிழுக்கு. தொடக்கப் பள்ளியிலேயே வாசிப்புச் சுவை ஏறிய பிள்ளைதான் அந்த வயதுக்குப் பிறகும் தமிழைக் கைவிடாமல் இருக்கும்.

நேயர்களே, நல்ல புத்தகம் எது? பெரிய அறிஞரைக் கேட்க வேண்டியதில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்து முதல் இரண்டு பக்கங்களைப் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வரிக்கு வரி தடுமாறினால் அது இந்த வயதுக்கு உரியதன்று. அடுத்த ஆண்டு பார்க்கலாம். தடையின்றிப் படித்து, "அப்புறம் என்ன?" என்று பக்கத்தைப் புரட்டினால் அதுவே அந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தகம். எழுத்து பெரியதா, தாள் தடித்ததா, தையல் உறுதியா என்றும் பாருங்கள். பல கைகள் மாறப் போகும் புத்தகம் கட்டு விட்டுப் போகக் கூடாது.

சிறு பிள்ளைகளுக்கு அழ. வள்ளியப்பாவின் பாடல்கள், தெனாலிராமன் கதைகள், பஞ்சதந்திரக் கதைகள், வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதை ஆகியவை என்றும் சலிக்காதவை. மலாய்க் கதைகளில் வரும் சாங் காஞ்சில் என்னும் சருகுமானின் தந்திரங்களை மலாய்ப் புத்தகத்தில் படித்துவிட்டுத் தமிழில் அம்மாவுக்குச் சொல்லட்டும். இரு மொழியும் ஒன்றாக வளரும்.

பெரியவர்களுக்கு நம் வாழ்க்கையையே சொல்லும் நூல்கள் இருக்கின்றன. அகிலன் இங்கு வந்து தோட்ட வாழ்க்கையைக் கண்டு எழுதிய நாவல் 'பால்மரக் காட்டினிலே'. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே இரயில் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டு போகப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. அந்தத் துயரத்தை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலிலும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்னும் நாவலிலும் எழுதியிருக்கிறார்கள். இவற்றைப் படிக்கும் பிள்ளை வீட்டுத் தாத்தாவிடம் போய், "நம் குடும்பத்தில் யாராவது சயாமுக்குப் போனார்களா?" என்று கேட்கும். அந்தக் கேள்வி ஒன்றே புத்தகத்தின் விலைக்குச் சரியாகிவிடும்.

இனி, காசில்லாமல் புத்தகம் கிடைக்கும் இடங்கள். முதலாவது, உங்கள் பிள்ளையின் பள்ளியிலுள்ள வளநிலையம். அங்கே இருக்கும் நூல்களை வீட்டுக்குக் கொடுப்பார்களா, எத்தனை நாளைக்கு என்று ஆசிரியரைக் கேளுங்கள். இரண்டாவது, பொது நூலகம். மாநிலந்தோறும் பொது நூலகமும், பல இடங்களில் அதன் கிளைகளும், கிராம நூலகங்களும் இருக்கின்றன. உறுப்பினராகும் விதி இடத்துக்கு இடம் மாறும். நேரில் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்கே தமிழ் நூல்கள் குறைவாக இருந்தால் சோர்ந்து திரும்பிவிடாதீர்கள். "எங்கள் வட்டாரத்தில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, இன்னின்ன நூல்கள் வேண்டும்" என்று பெயர், முகவரியோடு எழுதிக் கொடுங்கள். கேட்பார் இல்லாத மொழி நூலை எந்த நூலகமும் வாங்கி அடுக்காது.

மூன்றாவது, வீட்டுக்கு வீடு வந்துவிட்ட கைப்பேசி. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் தன்னார்வ முயற்சியில், பழைய தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். முகப்புப் பக்கத்தை நீக்காமல் பிறருக்குக் கொடுக்கவும் அனுமதி உண்டு. ஒருவர் ஒரு முறை இறக்கிக்கொண்டால் பத்து வீட்டுக்கும் அனுப்பலாம். ஆனால் இன்று வாழும் எழுத்தாளர்களின் நூல்களைப் படம் பிடித்துக் கைப்பேசியில் சுற்றுக்கு விடுவது வேறு காரியம். கைப்பணம் போட்டு அச்சடித்தவரின் வயிற்றில் அடிப்பது அது. அதைச் செய்யாதீர்கள்.

விலைக்கு வாங்குவோருக்கும் ஒரு குறிப்பு. தமிழ்நாட்டு அரசாங்கம் சில எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. பாரதியார் நூல்கள் 1949லும், கல்கியின் நூல்கள் 1999லும், புதுமைப்பித்தன் நூல்கள் 2002லும் அவ்வாறு ஆயின. இவற்றை யாரும் அச்சிடலாம். ஆகையால் ஒரே நூலுக்குப் பல பதிப்புகள், பல விலைகள். அவசரப்படாமல் இரண்டு மூன்று பதிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழு நூலா, சுருக்கமா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சில நூல்களை வாங்கித்தான் ஆக வேண்டும். அதை ஒரு வீடு தனியாகச் சுமக்க வேண்டுமா? இல்லை என்பதே என் கருத்து.

முன்னாளில் லயத்து வாசலில் மாலை வேளையில் ஒருவர் உட்கார்ந்து 'தமிழ் நேசன்', 'தமிழ் முரசு' பத்திரிகையை உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பலரும் சுற்றி இருந்து கேட்பார்கள். ஒரு பத்திரிகை ஒரு லயத்துக்கே போதுமானதாக இருந்தது. 1924ஆம் ஆண்டு தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019ஆம் ஆண்டு நின்றுவிட்டது. ஆனால் கூடிப் படிக்கும் பழக்கம் அதனோடு நிற்க வேண்டியதில்லை.

பத்து வீடுகள் சேரட்டும். சம்பளம் போடும் நாளில் வீட்டுக்கு 3 வெள்ளி. மாதம் 30 வெள்ளி. ஆண்டுக்கு 360 வெள்ளி. 30 வெள்ளி விலையுள்ள பெரியவர் நூல் 6 வாங்கினால் 180 வெள்ளி. 10 வெள்ளி விலையுள்ள சிறுவர் நூல் 18 வாங்கினால் இன்னொரு 180. ஆக 24 புத்தகங்கள். ஒவ்வொரு வீடும் கொடுத்தது 36 வெள்ளிதான். தனியாக நின்றால் அந்தப் பணத்துக்கு ஒரு நாவல் வாங்கிவிட்டு மீதிச் சில்லறையை எண்ண வேண்டியதுதான். இரண்டாண்டு முடிவில் ஏறக்குறைய 50 புத்தகங்கள் உள்ள நூலகம் உங்களுக்குச் சொந்தம்.

இதற்குச் சில விதிகள் வேண்டும். கதவுள்ள ஓர் அலமாரி, கறையான் ஏறாதபடி தரையிலிருந்து உயர்த்தி வைத்தது. கோவில் மண்டப அறையிலோ ஒரு வீட்டிலோ இருக்கலாம். ஒவ்வொரு நூலுக்கும் பிளாஸ்டிக் உறை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நூலின் பெயர், எடுத்தவர், தேதி. தவணை இரண்டு வாரம். தொலைத்தவர் அதே நூலையோ அதன் விலையையோ கொடுக்க வேண்டும். கணக்கை மாதந்தோறும் எல்லார் முன்னும் படிக்க வேண்டும். எந்த நூல் வாங்குவது என்பதை மாதம் ஒரு வீடு முறை வைத்துச் சொல்லட்டும். பொறுப்பை இடைநிலைப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். பெரியவர் ஒருவர் துணை நிற்கட்டும். உள்நாட்டு நூல்களை எழுத்தாளரிடமே நேரில் வாங்கினால், சில வேளை விலையிலும் சலுகை கிடைக்கும். வயதான ஆசிரியர்கள் வீட்டில் கிடக்கும் பழைய நூல்களையும், பழைய தாள் வாங்குபவர் எடுத்துப் போகுமுன் கேட்டுப் பெறுங்கள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதே, நான் ஏன் 3 வெள்ளி கொடுக்க வேண்டும்?" என்று ஓர் அம்மா கேட்கலாம். அம்மா, உங்கள் பேரப்பிள்ளையை இரவில் பத்து நிமிடம் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்குக் கதை, பிள்ளைக்கு வாசிப்பு. இருவருக்கும் ஒரே 3 வெள்ளி.

"தோட்டத்தை விற்றுவிட்டால்? நாங்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டால்?" என்று கேட்பவர்களும் உண்டு. எத்தனையோ தோட்டங்கள் அப்படி மறைந்தன. கோவிலைப் பெயர்த்துக்கொண்டு போவது அரிது. பள்ளிக்கூடத்தை மாற்ற ஆண்டுக் கணக்காகிறது. புத்தகத்தையோ ஒரு பெட்டியில் கட்டிக் கையோடு கொண்டு போகலாம். புதிய இடத்தில் அந்தப் பெட்டியைத் திறக்கும் நாளில் பத்து வீடும் மறுபடி கூடும்.

சிறு தொகையால் என்ன ஆகும் என்று எண்ணுகிறவர்கள் நம் சொந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும். பெருந்தோட்டங்களை வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்று, தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உண்டாக்கினார். தோட்டத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு அந்தச் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. அன்றைய 10 வெள்ளி இன்றைய 3 வெள்ளியைக் காட்டிலும் எவ்வளவோ பெரிது. தோட்டத்தையே கூடி வாங்கியவர்களின் பிள்ளைகள் நாம். ஒரு புத்தக அலமாரியை நம்மால் கூடி வாங்க முடியாதா?

அடுத்த சம்பள நாள் மாலையில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். முதலில் மூன்று வீடு சேர்ந்தாலும் போதும். மற்றவர்கள் பிறகு வருவார்கள்.