ஓடும் நிரலின் உட்கணக்கு

வெள்ளவத்தை மாடிவீட்டில் மின்மானி உண்டு; கூரைமேல் நீர்த்தாங்கியும் உண்டு. மின்மானியின் எண் ஏறுமேயன்றி இறங்காது. தாங்கியின் நீர்மட்டமோ ஏறும், இறங்கும். கணினி நிரல் ஓடுகையில் அதனுள் வைக்கப்படும் கணக்குகளும் பெரும்பாலும் இவ்விரு வகையினவே.

கொழும்பில் 2005ஆம் ஆண்டு தோன்றிய டபிள்யூ.எஸ்.ஓ.டூ நிறுவனம் ஆக்கிய நிரல்மொழி 'பாலரீனா'. அதன் 'சுவான் லேக்' பதிப்பு 2022இல் வெளிவந்தது. நிரலை ஓட்டும் சூழலே இக்கணக்குகளை வைக்குமாறு அம்மொழி அமைந்துள்ளது. வந்த வேண்டுகோள்கள், தவறியவை ஆகியன ஏறுகணக்கு. இக்கணம் கைவசமுள்ளவை ஏறியிறங்கும் கணக்கு.

ஏறுகணக்கின் எண் தனித்து நின்று அதிகம் உணர்த்தாது. இரு வேளைகளில் எடுத்த எண்களின் வேறுபாடே பொருள் தரும். மின்கட்டணமும் அவ்வாறன்றோ கணிக்கப்படுகிறது?

கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் ஒருவர் கைத்தொலைபேசிவழி பணம் அனுப்பிவிட்டு, விடை வராது தவிக்கிறார் என்று கொள்வோம். பெருகியவை வேண்டுகோள்களா, தவறுகளா? வேண்டுகோள்களாயின் கணினிகளைக் கூட்டலாம். தவறுகளாயின் நிரலையே ஆராய்தல் வேண்டும். இதனைப் பிரித்துக் காட்டுவது உட்கணக்கே.

ஆயினும், அக்கணக்கை வெளியிடுமாறு நிரலை முன்கூட்டியே பணித்திருத்தல் வேண்டும். வெளிவரும் எண்களைச் சேமித்தலும் வேண்டும். நிரல் மீண்டும் தொடங்கினால் எண்கள் பூச்சியத்திலிருந்தே எழும். பழுதுற்ற பின்னர் தேடுவோர்க்குப் பழைய எண்கள் கிட்டா.