தேறலுக்கு ஒரு காட்சியகம்



பிரெஞ்சு நாட்டுப் போர்தோ நகரில் 2016ஆம் ஆண்டு, தேறலின் வரலாற்றைக் காட்டவே பெரியதொரு காட்சியகம் திறந்தனர். மரக்காணக் கரைக்கோ அவ்வரலாறு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையது! சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலர் முடிபு. அங்கே நுளையர் மகள் அரித்தெடுத்த முதிர்ந்த தேறலைப் பரதவர் பாணர்க்கு ஊட்டினர் என்கிறது அந்நூல். தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தபோது, யவனத் தேறல் வந்திறங்கிய இருகாதுச் சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன.

சாடி உடைந்தாலும் சொல் உடையவில்லை. தெளிந்தது தேறல்; அரித்தது அரியல்; பிழிந்தது பிழி. தொழில்முறை முழுதும் சொற்களுக்குள்ளேயே கிடக்கிறது. ‘ஒயின்’ என்று நாக்குழறுவோர் இதனை எங்ஙனம் அறிவர்?

அதே கரையில், எக்கியார்குப்பத்தில், 2023 மே திங்களில் மெத்தனால் கலந்த நச்சுச் சாராயம் பாய்ந்தது. மரக்காண வட்டாரத்தில் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். மெத்தனால் ஆலைக்குரிய கரைப்பான், ஊறியதுமன்று, தெளிந்ததுமன்று. கண்ணொளியைப் பறித்து உயிரையும் பறிப்பது.

எக்கியார்குப்பத்தில் ஒரு காட்சிக்கூடம் எழவேண்டும், குடியைப் போற்றுதற்கன்று. முதலறையில் நுளைமகளின் கலமும் அரிக்கமேட்டுச் சாடியோடும் இருக்கட்டும். கடையறையில் அந்த மெத்தனால் கலன் மட்டும் இருக்கட்டும்.