எலும்புக்கூட்டின் கை

மும்பை மாட்டுங்காவில் எங்கள் குடியிருப்புச் சிறுவர்கள் பள்ளிக் கண்காட்சிக்கென ஓர் எலும்புக்கூடு செய்யத் தொடங்கினார்கள். அது கையசைத்து வருவோரை அழைக்க வேண்டுமாம்! பெரியவர்களாகிய நாங்களும் உடன் உட்கார்ந்தோம். சிறுவர்களுள் ஒருவன் கை முறிந்து, அண்மையில் மாவுக்கட்டு அவிழ்த்தவன். முழங்கையை நீட்டும் பயிற்சி வலிக்கிறதென்று அதைத் தட்டிக் கழித்து வந்தான்.

மனிதனின் ஒரு கையில் 30 எலும்புகள் உண்டு. நாங்களோ தோள், முழங்கை என்னும் இரு மூட்டுகளோடு நின்றோம். எலும்புக்குப் பிளாஸ்டிக் குழாய். இயக்கத்துக்குப் பழைய காரின் வைப்பர் மோட்டார். அதற்கு 12 வோல்ட் மின்கலம். மோட்டார் சுழலும், கையோ ஏறி இறங்க வேண்டும். ஆகவே மோட்டாரின் அச்சில் ஒரு தகட்டைப் பொருத்தி, அதன் ஓரத்தையும் மேற்கையையும் கம்பியால் இணைத்தோம்.

முதல் நாள் கை பாதியில் நின்றது, மோட்டார் சுட்டது. கையின் பாரம் முழுவதையும் மோட்டாரே தூக்க வேண்டியிருந்ததுதான் காரணம். தோளுக்குப் பின்புறம் எதிர் எடை கட்டினோம்; கை இலகுவாக எழுந்தது.

முழங்கையைக் கயிற்றால் இழுத்தோம். மடங்கிற்று, நீளவில்லை. கயிறு இழுக்குமேயன்றித் தள்ளாது. மறுபுறம் ரப்பர்ப் பட்டை கட்டியதும் நீண்டது. நம் தசைகளும் அவ்வாறே: மேற்கையின் முன்தசை மடக்குகிறது, பின்தசை நீட்டுகிறது, இரண்டும் இழுப்பவையே.

அச்சிறுவன் பட்டையைத் தொட்டுப் பார்த்தான். பின்பு தன் கையைப் பார்த்தான். மறுநாள் முதல் எவரும் சொல்லாமலே பயிற்சியைச் செய்யலானான். கண்காட்சியில் எலும்புக்கூடு கையசைத்தது. அருகில் நின்று அவனும் அசைத்தான்.