சீழில் கண்டெடுத்த செல்வம்

ஜெர்மனியிலுள்ள டூபிங்கன் கோட்டையின் பழைய மடைப்பள்ளியை ஆராய்ச்சிக்கூடமாகக் கொண்டு, 1869-ஆம் ஆண்டில், பிரடெரிக் மீஷர் என்னும் ஸ்விஸ் இளைஞர், ஆஸ்பத்திரியில் கழித்த சீழ் தோய்ந்த கட்டுத்துணிகளை வாங்கிவந்து, அழுகி நாறுபவற்றை விலக்கி, எஞ்சியவற்றை உப்புக் கரைசலில் பக்குவமாக அலசி, வெள்ளணுக்களைச் சேகரித்தார். பன்றியின் இரைப்பைச் சாற்றால் அவற்றின் புரதத்தைக் கரைத்து, உட்கருவை மாத்திரம் பிரித்து, காரத்தில் கரைத்து அமிலம் சேர்த்தபோது, வெண்பஞ்சு போன்றதொரு வஸ்து படிந்தது. பாஸ்பரஸ் மிகுந்த அப்பொருள் அதுவரை அறிந்த எந்தப் புரதமுமன்று. அதற்கு அவர் இட்ட பெயர் நியூக்ளின். இன்று நாம் டி.என்.ஏ. என்பது அதைத்தான்.

அவருடைய ஆசிரியர் ஹோப்பே-சைலர், சீடரின் சொல்லை அப்படியே ஏற்காமல், பரிசோதனையைத் தாமே செய்து பார்த்து நிச்சயித்த பின்னரே, 1871-இல் கட்டுரையைத் தம் சஞ்சிகையில் பிரசுரித்தார். அந்த நிதானத்தை என்னால் குறைகூற முடியவில்லை. விஞ்ஞானத்தின் மானம் அதில்தான் இருக்கிறது.

பின்னர்ப் பாசல் நகரில், ரைன் நதியின் சால்மன் மீன்களுடைய விந்தணுக்களிலிருந்து அப்பொருளைத் தூய வடிவில் எடுப்பதற்காக, அது சிதையாதிருக்கும் பொருட்டுக் கடுங்குளிரிலேயே நின்று உழைத்த மகான் மீஷர், காசநோய்வாய்ப்பட்டு 1895-இல், தமது 51-ஆம் வயதில் காலமானார்.