“பலன் இல்லை” என்ற பதிலின் பலன்
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கத்திலிருந்து எங்களிடம் வரும் வியாதியஸ்தரில் பலர், நுரையீரல் மிகவும் பழுதடைந்த பின்பே வருகிறார்கள். பல வருஷம் பீடி புகைத்தவர்கள், இரும்பாலைத் தூசியில் உழைத்தவர்கள், விறகடுப்புப் புகையில் சமைத்த தாய்மார்கள், காசநோய் குணமாகியும் நுரையீரலில் தழும்பு நின்றுவிட்டவர்கள் இவர்களில் உண்டு. கட்டிலிலிருந்து வாசல் வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. உரிய மருந்துகள் எல்லாம் கொடுத்தும் திணறல் தீராதபோது, “இதற்கு ஒரு மாத்திரை இல்லையா, ஐயா?” என்று வீட்டார் கேட்கிறார்கள்.

மூச்சுத்திணறலை உணருவது மூளை. திணறல் பயத்தைக் கூட்டும். பயம் திணறலைக் கூட்டும். ஆகையால் மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை இதற்கும் உதவும் என்று மருத்துவர் பலர் நம்பினார்கள். சோதித்து அறியுமுன்னே எழுதிக்கொடுத்தவர்களும் உண்டு.

ஆஸ்திரேலியாவில் 223 பேரிடம் செர்ட்ராலின் என்ற மாத்திரையைச் சோதித்து, பலனில்லை என்று 2019-ல் அறிவித்தார்கள். பின்பு லண்டன் கிங்ஸ் கல்லூரியின் தலைமையில், ஏழு நாடுகளில் 225 பேரிடம் மிர்ட்டாஸபின் சோதிக்கப்பட்டது. ஒரு பாதிப்பேருக்கு மருந்து. மறுபாதிக்கு அதைப்போன்ற வெற்று மாத்திரை. 2024-ல் முடிவு வெளியானது. 56 நாட்களுக்குப் பின்னும் மருந்து உண்டவர்களுக்குத் திணறல் கூடுதலாகக் குறையவில்லை, பக்கவிளைவுகளோ அதிகம்.

இத்தகைய பதில் நம் திருவள்ளூருக்குப் புதிதல்ல. இது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த காலத்தில், 1968-ல் இங்கே பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. ஏறக்குறைய 2,80,000 பேர் கை நீட்டினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதை உலகம் இவ்வூர் மக்களால் அறிந்தது. குழந்தைகளைக் கொடிய காசநோயிலிருந்து காப்பதால் அவர்களுக்கு அது இன்றும் போடப்படுகிறது.

ஆகவே, திணறலுக்கென்று மட்டும் இம்மாத்திரைகளை நாங்கள் கொடுப்பதில்லை. மெய்யாகவே மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அவை தேவை. அவர்கள் தாங்களாக நிறுத்தக்கூடாது. மற்றவர்களுக்கு, முன்னால் சாய்ந்து உட்காரவும், உதடு குவித்து மெதுவாக மூச்சு விடவும், சிறிது சிறிதாக நடக்கவும் கற்றுக்கொடுக்கிறோம். முகத்தில் காற்றுப்படும்படி விசிறினால் திணறல் தணிவதைப் பலரிடம் காண்கிறோம்; பனையோலை விசிறியே போதும்.

இதற்கு விலையுயர்ந்த மருந்து வேண்டாம். அருகில் அமர்ந்து பொறுமையாய்க் கற்றுக்கொடுக்கும் நர்ஸும், வீடு தேடிச் செல்லும் ஊழியரும் வேண்டும். நீங்கள் அனுப்பும் காணிக்கை அவர்களைத் தாங்குகிறது.