அச்சமே தடை!

("மார்பகப் பரிசோதனைக்குப் போகவிடாமல் பெண்களைப் பெரிதும் தடுப்பது கூச்சமா? அச்சமா?" என்ற பட்டிமன்றத்தில் 'அச்சமே' என்ற அணியில் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! கூச்சம், கூச்சம் என்று கொஞ்சமும் கூசாமல் பேசி அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய தங்கை, "தமிழ்ப் பெண் கூச்சப்படுவாள், அதனால் போகமாட்டாள்" என்றார். நான் கேட்கிறேன், அதே பெண் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகலையா? அப்போ கூச்சம் எங்கே போச்சு? அங்கே திரும்பி வரும்போது கையில் குழந்தை இருக்கும் என்ற நம்பிக்கை. இங்கே கையில் என்ன ரிப்போர்ட் இருக்குமோ என்ற கலக்கம். அதற்குப் பெயர் கூச்சம் இல்லை நடுவர் அவர்களே, அச்சம்!

அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்றார் தொல்காப்பியர். தெய்வம், விலங்கு, திருடன், அரசன். அந்த நாலிலே மேமோகிராம் மிஷின் இல்லை! (சிரிப்பு) அதை ஐந்தாவதாகச் சேர்த்தது நம்ம பக்கத்து வீட்டு அக்காமார்கள்தான். "நசுக்கிடுவாங்களாம்." "அந்தக் கதிர் பட்டாலே கேன்சர் வருமாம்." எல்லாம் 'ஆம்', 'ஆம்'தான். நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை! (கைதட்டல்)

நான் போய் வந்தவள், சொல்கிறேன். மாதவிலக்கு வருகிறவர்கள், அது முடிந்த அடுத்த வாரமாக நாள் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது மார்பில் நோவு குறைவாக இருக்கும். அன்றைக்கு அக்குளில் பவுடர், சென்ட் எதுவும் வேண்டாம். அது படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து டாக்டரைக் குழப்பும். பழைய படம் இருந்தால் கையோடு கொண்டு போங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்று தோன்றினால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உள்ளே போனால் இடுப்புக்கு மேல் உள்ள உடையை மாற்றி ஒரு கவுன் தருவார்கள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொல்வார்கள். ஐயோ, தாலிச் செயினாச்சே என்று பதறாதீர்கள். அவர் நல்லா இருக்கணும்னா, முதல்ல நீங்க நல்லா இருக்கணும்! (சிரிப்பு) படம் எடுக்கப் பெண் ஊழியர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். அதோடு எதிரணியின் கட்சி முடிந்தது!

நின்றபடியேதான் எடுப்பார்கள். மார்பை ஒரு தட்டின் மேல் வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தகட்டை இறக்கி அழுத்துவார்கள். மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று, இரண்டு பக்கமும் சேர்த்து வழக்கமாக 4 படம். வலிக்குமா? பொய் சொல்லமாட்டேன். சிலருக்கு வலிக்கும், சிலருக்கு வெறும் அழுத்தம்தான். ஒவ்வொரு தடவையும் சில விநாடி. தாங்க முடியலைன்னா சொல்லலாம், நிறுத்துவார்கள். ஏன் அழுத்துகிறார்கள்? படம் தெளிவாக விழவும், கதிரின் அளவு குறையவும். மொத்த வேலையும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

"மறுபடி வாங்க" என்று கூப்பிட்டால்? அங்கேதான் பலருக்கு உயிரே போய்விடுகிறது. அமெரிக்கக் கணக்குப்படி, படம் எடுத்த 100 பேரில் சுமார் 10 பேரை மறுபடி அழைக்கிறார்கள். அப்படி அழைக்கப்பட்டவர்களிலும் 10-க்கு 9 பேருக்கு மேல் புற்றுநோய் இல்லை! இன்னொரு படம், ஒரு ஸ்கேன், அவ்வளவில் பெரும்பாலோர் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் ஒன்று. படம் எல்லாவற்றையும் காட்டிவிடாது. ரிப்போர்ட் நல்லபடி வந்த பிறகும் புதிதாகக் கட்டி, தோலில் சுருக்கம், காம்பில் ரத்தக் கசிவு என்று எது தெரிந்தாலும், அடுத்த பரிசோதனைவரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

மிஷின் இல்லாத ஊரில் என்ன செய்வது என்கிறீர்களா? 30 முதல் 65 வயதுவரை 5 ஆண்டுக்கு ஒரு முறை, பயிற்சி பெற்றவர் கையாலேயே பரிசோதிப்பது என்று நம் அரசு 2016-ல் திட்டம் வகுத்தது. கைதானே என்று இளக்காரம் வேண்டாம். மும்பை டாடா மருத்துவமனையார் 1998-ல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. கையால் பரிசோதிக்கப்பட்டவர்களில், 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது!

நடுவர் அவர்களே, என் பெரியம்மா மார்பிலே ஒரு கட்டி. அடுப்படியிலே என் அம்மாவிடம் தயங்காமல் காட்டினார். அங்கே கூச்சம் இல்லை. "டாக்டரிடம் போவோம் அக்கா" என்றதும், "வேண்டாம்டி, அவங்க அதுக்கு ஒரு பேர் வெச்சிடுவாங்க" என்றார். இரண்டு வருஷம். பேர் வைக்காமலே கட்டி வளர்ந்தது. பேர் வைத்தபோது பெரியம்மாவைக் காப்பாற்ற முடியவில்லை. அவரைக் கொண்டுபோனது கூச்சமா? சொல்லுங்கள்!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கையையும் புற்றுநோய்தான் கொண்டுபோனது. அந்தத் துயரத்தில் பிறந்த எண்ணம்தான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. அச்சப்பட வேண்டிய நோயைத் தேடிப் பிடிக்கக் கிளம்பினார் அந்த அம்மையார். நாமோ தேடிப் பிடிக்கிற மிஷினைக் கண்டு ஓடுகிறோம்!

கூச்சத்துக்கு ஒரு பெண் ஊழியரும் ஒரு திரையும் போதும். அச்சத்துக்கு அறிவு வேண்டும், வீட்டில் உள்ளவர்களின் துணை வேண்டும். தம்பிமார்களே, "போயிட்டு வா" என்று சொல்லாதீர்கள். "வா, போயிட்டு வரலாம்" என்று சொல்லுங்கள்.

பெண்களைத் தடுப்பது அச்சமே, அச்சமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமைகிறேன். (கைதட்டல்)